நூற்றுக்கு நூறு வெள்ளை

ஆவடி ஃபாக்டரியில் முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற பார்த்தசாரதி, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரத்தில் திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட் வாங்கினார். ஏன் அந்த ஃபிளாட் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். விளம்பரத்தில் இருந்த ஹால் படத்தைக் கம்ப்யூட்டரில் செய்தவள் அவர் மகள் ரேணுகா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவர் குஞ்சு படம் வேறு போடுகிறது, கேட்க வேண்டுமா! பால்காரர் முதல் லிஃப்ட் ரிப்பேர்காரர் வரை அவர் செல்போனில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் பாக்கியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த செல்போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா துலுக்கானம், இது வெள்ளையா? என் பொண்ணு படத்தைப் பாரு. இது வெள்ளை. பெயிண்ட்ல எவ்வளவு தண்ணி ஊத்துன?"

பெயிண்டர் துலுக்கானம் ரோலரைக் கீழே வைத்தார். "உங்க கண்ணு எதுர்லதான சார் பக்கெட்ட ஒட்ச்சேன். மூணு கோட்டிங் அட்ச்சிகீறேன்."

"மூணு கோட்டும் தண்ணி!"

சமையலறை வாசலில் நின்றிருந்த ரேணுகா செல்போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்பத்தூர் ஆபீசில் அந்தப் படத்தைச் செய்தபோது சுவருக்கு ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பி அனுப்பும் என்கிற எண் அது. பளபளப்பில்லாத நல்ல வெள்ளைச் சுவர் நூற்றுக்கு எண்பது, மிஞ்சினால் எண்பத்தைந்து. மீதியைச் சுவரே விழுங்கிவிடும். 'ஹால் இன்னும் ஜொலிக்கணும்' என்று மேனேஜர் கேட்டார். இவள் நூற்றுக்கு நூறு போட்டாள். வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதி, துளியும் குறையாமல் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. அப்படி ஒரு சுவர் உலகத்தில் கிடையாது என்று தெரிந்தேதான் செய்தாள். பாராட்டும் வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும், மேலே இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அடுத்த வாரம் துலுக்கானம்தான் அடிப்பதாகப் பேச்சு. அவர்கள் காதுபடவே பார்த்தசாரதி சொன்னார். "இவன் திருடன். நம்பி வீட்டுக்குள்ள விடாதீங்க."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு ரேணு. நீ போட்ட வெள்ளை இதுவா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். துலுக்கானமும் பார்த்தார்.

"இது இல்லப்பா," என்றாள்.

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. துலுக்கானம் ஏணியை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கால் மணி நேரம் அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு கீழே போனாள். துலுக்கானம் மோட்டார் ரூம் பக்கத்தில் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு உங்க மேல இல்ல. அந்தப் படத்துல இருக்கற வெள்ளை எங்கயும் கிடையாது. நான்தான் ஏத்தி வச்சேன்."

"மொத கோட்டிங்லயே தெரியும் பாப்பா," என்றார் அவர், ரோலரைப் பிழிந்துகொண்டே. "இருவது வர்சமா செவுத்தப் பாத்துகினு கீறேன், இது தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? காலீலேர்ந்து அஞ்சு பேர்கிட்ட 'எம்பொண்ணு போட்ட படம்'னு காமிச்சிகினு இருந்தாரு. அவங்க எதுர்ல, உன் பொண்ணு படம் டுபாக்கூர்னு சொன்னா மனுசன் மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? எனுக்கும் பொண்ணு கீது." ரோலரை உதறினார். "சொல்றதுன்னா அவுரு தனியா கீறப்ப சொல்லு. நாலு பேர் எதுர்ல வோணாம்."

இந்த மனிதரைத் திருடன் என்று சொன்னபோது நாலு பேர் இருந்தார்களே என்று நினைத்தபடி ரேணுகா படியேறினாள். கூச்சத்தில் காது மடல் சுட்டது.

வாசலில் எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் இன்னும் நின்றிருந்தார்கள். அப்பா படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, படம் பொய்ப்பா. எந்த பெயிண்ட் அடிச்சாலும் அந்த வெள்ளை வராது. அவர் தண்ணி கலக்கல. நான்தான் இல்லாத வெள்ளையப் போட்டேன்."

பார்த்தசாரதி செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். படத்தைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"நான் அவரைத் திருடன்னு சொன்னப்போ இது உனக்குத் தெரியுமா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

பார்த்தசாரதி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பெற்ற மகளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. பிறகு செருப்புக்கூடப் போடாமல், "துலுக்கானம், துலுக்கானம்" என்று கூப்பிட்டுக்கொண்டே வேகவேகமாகப் படியிறங்கினார். கூடப் போக ரேணுகாவுக்குக் கால் வரவில்லை.