நஹோதாவின் முகம் போட்ட பைகள்

நஹோதாவுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்று சௌமு விடிந்ததும் துறைக்குப் போய்ச் சூரை மீனில் நல்ல சதைத் துண்டாக ஒன்று வாங்கினாள். மற்ற நாளில் அவள் வாங்குவது மத்தி.

"இன்னைக்கு யாரு விருந்தாளி?" என்றான் மீன்காரன்.

"எங்க வீட்டு ஆம்பளைக்குத்தான்."

அவள் கணவன் கடலோடு போய்ப் பதினான்கு வருஷமாகிவிட்டது என்பது லாமு ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆம்பளை ஒற்றைக்கண் செம்பட்டைப் பூனை என்பதும் தெரியும். மீன்காரன் சிரித்துக்கொண்டே ஒரு தலையையும் சேர்த்துப் போட்டான்.

பூனைக்குப் பிறந்தநாள் வைத்தது மகள் மைமுனா. பதினோரு வயதில் ஒரு நாள் துறையிலிருந்து நனைந்த குட்டியொன்றைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். "படகுல எல்லாரும் இறங்கின பிறகுதாம்மா இது இறங்கிச்சு. அப்ப இதுதானே தலைவன்?" என்றாள். படகுத் தலைவனுக்கு அங்கே நஹோதா என்று பெயர். அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தத் தேதியில் பூனையின் கழுத்தில் பூப்போட்ட காங்காத் துணி கட்டி, மீன் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடவும் வைப்பாள்.

பத்தொன்பது வயதில் பாத்தே தீவுக்காரன் கொம்போவுக்கு மைமுனாவைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியாருக்குப் பூனை ரோமம் பட்டால் மூச்சு இழுக்கும் என்றதால் நஹோதா தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுவருஷம் மைமுனாவுக்கு வலி எடுத்த நேரம் கடல் வற்றிக் கிடந்தது. தீவுக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள கால்வாயில் படகுகள் சேற்றில் சாய்ந்து நின்றன. நீர் ஏற ஆறு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரித் துறையில் படகு ஒட்டியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷமாகச் சௌமு கொம்போவின் முகத்தில் விழிக்கவில்லை. மகளின் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் பூனையின் நாளை மட்டும் அவள் விடவில்லை. அந்த ஒரு நாளில் மகளுக்குச் செய்வதை மகளின் பெயரைச் சொல்லாமலே செய்யலாம்.

அன்று அவளுடைய தோழிகள் இருவரும் வந்தார்கள். சுஹுரா பழைய பாய்மரத் துணியில் படம் வரைகிறவள். ரெஹேமா அதே துணியில் பை தைக்கிறவள். சௌமு வாசலில் மஹம்ரிப் பணியாரம் சுட்டு விற்கிறவள் என்பதால் மூன்று பேருடைய காலைப் பொழுதும் அந்தத் தேங்காய்ப்பால் வாசனையில்தான் தொடங்கும்.

"மாப்பிள்ளைக்கு வயசு ஏற ஏறக் களை கூடுதுடி," என்றாள் ரெஹேமா, பூனையைத் தடவிக்கொண்டே.

"உன் புருஷனைவிடவா?" என்றாள் சௌமு.

"அந்த மனுஷனுக்கு ரெண்டு கண்ணு இருந்தும் என்ன புண்ணியம்? வீட்டு வேலை ஒண்ணும் தெரியாதே."

சுஹுரா சிரிக்கவில்லை. கரித்துண்டால் பூனையை வரைந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "சௌமு, ஒண்ணு கேக்கறேன், கோவிக்காத. நானும் ரெஹேமாவும் ஒரு காரியத்துல இறங்கியிருக்கோம். அடிப்பக்கம் தட்டையா, மோட்டார் வச்ச படகு ஒண்ணு. கடல் வத்தினாலும் ஓடும். தீவுங்கள்ல இருக்கற பிள்ளத்தாச்சிப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு. மௌலிதுத் திருவிழாவுல பை வித்து அதுக்குக் காசு சேக்கப் போறோம். பையில நஹோதா முகத்தைப் போடலாமா?"

சௌமு எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெய் காயுமுன்னே மாவை எடுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"குருட்டுக் கண்ணை மறைச்சு வரையாத. அவன் எப்படி இருக்கானோ அப்படியே போடு."

ஒரு மாதம் அந்த வீடே பட்டறையாகிவிட்டது. சுஹுரா வரைய, ரெஹேமா தைக்க, சௌமு கைப்பிடிக்குக் கயிறு முறுக்கினாள். நஹோதா துணிக்குவியலின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். விரட்டினால் நகரமாட்டான். அவனைச் சுற்றித்தான் வெட்டவேண்டும்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தான். சௌமு அவனைக் கூடையில் வைத்து, கழுதைகள் போகிற சந்துகளின் வழியாக மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"சிறுநீரகம் போயிடுச்சும்மா. ஊசி போட்டா வலி குறையும். அவ்வளவுதான் என்னால முடியும்."

"இன்னும் எத்தனை நாள்?"

"பக்கத்துலயே இருங்க," என்றார் அவர்.

அவள் பக்கத்திலேயே இருந்தாள். மஹம்ரி சுடவில்லை. பஞ்சில் மீன்சாற்றை நனைத்து உதட்டில் தடவினாள். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் மடியிலேயே நஹோதா அடங்கினான். கொல்லையில் மாதுளைச் செடியின் அடியில் தோழிகள் குழி வெட்டினார்கள். சௌமு அழவில்லை. மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"இந்த வருஷம் விட்டுடுவோம்டி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் ரெஹேமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இந்த வருஷம் வலி எடுக்கறவ அடுத்த வருஷம் வரைக்கும் பொறுப்பாளா?" என்றாள் சௌமு. "ஆனா ஒண்ணு. அவன் போயிட்டான்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பரிதாபப்பட்டு யாரும் வாங்க வேண்டாம்."

திருவிழா அன்று துறையோரம் பாய் விரித்து நாற்பது பைகளைப் பரப்பினார்கள். நாற்பது நஹோதாக்கள் ஒற்றைக் கண்ணால் கூட்டத்தை முறைத்தன. பிள்ளைகள் அடையாளம் கண்டு ஓடிவந்தார்கள்.

"இது நம்ம நஹோதா! அவன் வரலையா?"

"வீட்டுல தூங்கறான்," என்றாள் சௌமு. இருபது தடவையாவது அதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சுஹுரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலை வெயில் சாய்ந்தபோது ஒருவன் வந்து பாயின் ஓரத்தில் நின்றான். மெலிந்திருந்தான். பையைப் பார்த்தானே தவிர அவளைப் பார்க்கவில்லை. அவன் கொம்போ என்று கண்டுகொள்ள அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், அத்தை."

அவள் பதில் சலாம் சொன்னாள். அதை மறுக்க முடியாது.

"நஹோதா எப்படி இருக்கான்?" என்றான். அவள் வாயைத் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "வாரத்துக்கு ஒரு தடவையாவது அவ கேப்பா, 'அவனைக் கூட்டிட்டு வரலாமா'ன்னு. எங்கம்மாவுக்கு மூச்சுக் கோளாறு. தனி வீடு கட்டினதும் கொண்டாந்துடலாம்னு சொல்லியிருந்தேன். சுவர் எழும்பியிருந்துச்சு, அத்தை. கூரைதான் பாக்கி."

வீடு கட்டிக்கொண்டிருந்த கதை சௌமுவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் இடம் கொடுத்ததும் இல்லை.

"அன்னைக்குச் சேத்துல இறங்கிப் படகைத் தள்ளினேன். நானும் இன்னும் நாலு பேரும். இடுப்பு வரைக்கும் புதைஞ்சோம். நகரவே இல்ல. அவ பாத்துக்கிட்டே இருந்தா." அவன் குனிந்து ஒரு பையைக் கையில் எடுத்தான். "உங்க வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை வந்திருக்கேன். தட்டத் தைரியம் இல்ல."

சௌமு மடியிலிருந்த பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நஹோதா முந்தாநாள் மௌத்தாயிட்டான்," என்றாள். "என் மடியிலதான்."

கொம்போ அங்கேயே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். திருவிழாக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு ஆண்பிள்ளை பூனைக்காகவா இப்படி அழுகிறான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். சௌமு பாயைச் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக அவள் தேக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. "மைமுனா, மைமுனா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதாள். விற்பனையை ரெஹேமா பார்த்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகுதான், அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்ற பெண்ணைச் சௌமு கவனித்தாள். கருப்பு அங்கிக்குள்ளே வயிறு மேடிட்டிருந்தது.

"உன் வீட்டுக்காரியா?"

"ஆமா அத்தை. ரிஸிகி. ஆறு மாசம் ஆகுது." அவன் தலை குனிந்துகொண்டான்.

அந்தப் பெண்ணைப் பார்க்கச் சௌமுவுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவேண்டியதில்லை, எரியத்தான் செய்தது. ஆனாலும் கேட்டாள்.

"பாத்தேயிலதான் பிள்ளை பெத்துக்கப் போறாளா?"

"வேற எங்க போவோம்?"

"எட்டாம் மாசம் முடிஞ்சதும் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடை. கடலை நம்பாத."

பைகள் எல்லாம் விற்றுப் போயின. ஆனாலும் படகு வாங்க இன்னும் இரண்டு திருவிழாக்களின் விற்பனை வேண்டியிருந்தது. ரிஸிகியோ சொன்ன மாதமே துணிமூட்டையோடு வந்து இறங்கினாள். சௌமு அவளை மைமுனாவின் அறையில் படுக்கவைத்தாள். முதல் வாரம் இருவரும் சாப்பாட்டைப் பற்றித் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ரிஸிகி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. அவங்களுக்கும் பயமா இருந்திருக்குமா?"

சௌமுவின் கை மாவிலேயே நின்றது. "இருந்திருக்கும்," என்றாள். "அப்ப நான் பக்கத்துல இல்ல. உனக்கு நான் இருக்கேன்."

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடல் வற்றிக் கிடந்தது. இருவரும் கைகோத்துச் சந்துகளில் நின்று நின்று நடந்து போனார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தது. நீர் ஏறிய பிறகு கொம்போ வந்து சேர்ந்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு சௌமுவைப் பார்த்தான்.

"அத்தை, மைமுனான்னு வைக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் சௌமு. "அந்தப் பேரு என் பிள்ளையோடயே இருக்கட்டும். இவளுக்கு இவ பேரை வைங்க."

நாற்பது நாள் கழித்து அவர்கள் பாத்தேக்குப் புறப்பட்டார்கள். சௌமு துறை வரைக்கும் போய்க் குழந்தையைப் படகில் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மகளின் அறையில் படுக்கையை உதறி விரித்தாள். தலையணையில் பால் வாசனை இருந்தது. மைமுனாவின் பிள்ளையும் இப்படித்தான் மணந்திருக்கும் என்று நினைத்தவள், தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.