புல் முளைக்காத இடம்

எல்ஸி கிணற்றை மூடியிருந்த தகரத்தை இழுத்துத் தள்ளினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லாயி ஓடி வந்தாள்.

“அந்தத் தண்ணியா? வேணாம்லா எல்ஸி! டீசல் தண்ணியிலயா மனுசனக் குளிப்பாட்டுவாங்க?”

“ரோட்டுப் பைப்புல காலையிலேருந்து சொட்டுத் தண்ணி இல்லக்கா. மூணு மணிக்குப் பாதர் வந்துருவாரு.”

உள்ளே அப்பா சவரிநாதன் பெஞ்சில் கிடந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றது. கோலா கங்சார் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தை மூடும்வரை எஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். எழுபத்தைந்தாம் வருடம் ஒரு நாள் டீசல் தொட்டியின் குழாயை மூட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தொட்டியிலிருந்த டீசல் முழுக்க மண்ணுக்குள் இறங்கி, தொழிலாளர் லயத்தின் ஒரே கிணறு நாறிப்போனது. ஊர்ச் சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. அம்மா இருதயமேரி ஏசவில்லை. அதுதான் அவரை வாட்டியது. பன்னிரண்டு வருடமாக ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தாள். ஒரு நாளும் அவரைக் குடத்தைத் தொட விட்டதில்லை.

டீசல் ஊறிய இடத்தில் புல் கருகிப்போயிருந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து கூட்டியெடுத்த நைட்ரேட் உரத்தை அப்பா அங்கே கொட்டிக்கொண்டே இருந்தார். புல் முளைத்தால் பார்க்கிறவர்கள் மறந்துவிடுவார்கள் என்ற நப்பாசை, பாவம்.

“எண்ணெய ஊத்துனது பத்தாதா? உரத்தையும் கொட்டி நாசம் பண்றீங்களே!” ஈப்போவில் ஆய்வுக்கூட வேலை கிடைத்த மிதப்பில் எல்ஸிதான் அப்படிக் கத்தினாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இல்லாத நாட்களில்தான் கொட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் எல்ஸி அந்த மண்ணைச் சொட்டு டீசலோடு காற்றுப் புகாத இரண்டு புட்டிகளில் அடைத்து, ஒன்றில் மட்டும் நைட்ரேட் போட்டு மாதக்கணக்காக வைத்திருந்தாள். போன வாரம் பார்த்தபோது அந்த ஒன்றில் மட்டும் எண்ணெய் குறைந்திருந்தது, கூடவே நைட்ரேட்டும். காற்று எட்டாத மண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிட்டு எண்ணெயைத் தின்றிருந்தன. ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். இன்று வெள்ளி.

“யாரு அதத் தொறந்தது?” அம்மா வாசலில் நின்றாள்.

“நாந்தாம்மா. அப்பா கொட்டுன உரத்த வச்சுத்தான் மண்ணுல உள்ள கிருமி டீசலத் தின்னுருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும். அவருகிட்ட சொல்லலியேம்மா. திட்டத்தான செஞ்சேன்.” எல்ஸிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அப்ப குடிக்கலாமா?” என்றாள் செல்லாயி.

“கூடாதுக்கா. வாசம் போயிட்டா சுத்தம்னு ஆயிராது. உரமும் மிச்சம் இருக்கும், கைப்புள்ளைங்களுக்கு ஆகாது. குளிப்பாட்டலாம், அவ்வளவுதான்.”

எல்ஸி இறைத்து வைத்திருந்த வாளிக்குள் அம்மா கையை விட்டு அள்ளி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். டீசல் வாடை இல்லை. யாரையும் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எல்ஸி பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள். அம்மா அப்பாவின் வலது கையை மடியில் வைத்து, நகக்கண்ணில் கறுத்திருந்த அழுக்கை ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு வாளி எறச்சுட்டு வா” என்றாள்.