சொந்தக் காரணம்

விமானம் எரிந்த மறுநாள் காலை, பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே கடைக்காரன் கேட்டான்.

"என்னம்மா, நேத்து எத்தனை பேரைச் சுட்டீங்க?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயமாடா இது?" என்று கடைக்காரனை அதட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சம்பளம் வாங்கும்போது கை கூசாதா உங்களுக்கெல்லாம்?"

அவள் பாலை வாங்கிக்கொண்டு நடந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் தள்ளினாள். தள்ளி என்ன, தெருவுக்கே தெரியும்.

விமானக் கம்பெனியின் தொலைபேசிக் கூடத்தில் அவளுக்கு வேலை. டிக்கெட் மாற்றுவது, ரத்து செய்வது, திட்டு வாங்குவது. எரிந்தது அவர்கள் கம்பெனி விமானம். வேறோர் ஊரில், தரையிறங்கி ஓடும்போது எஞ்சினில் தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பின்பக்கம் இருந்தவர்களில் பலர் வரவில்லை. தப்பிய ஒருவன் ஓடிக்கொண்டே எடுத்த வீடியோவை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. மேற்பார்வையாளன் ஒவ்வொரு மேசையிலும் புதிய தாளை ஒட்டிக்கொண்டே வந்தான். அவனுக்குக் காது என்று பெயர். யாருடைய அழைப்பிலும் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து கேட்பான். நுழைந்தால் சத்தம் எதுவும் வராது. எதிர்முனைக் குரல் மட்டும் கொஞ்சம் மெலியும்.

"தீன்னு யாரும் சொல்லக்கூடாது. சம்பவம். பயம்னு சொல்லக்கூடாது. கவலை. கடைசியில என்ன சொல்லணும்?"

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்றது கூடம்.

"செத்தவங்களை என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி. அவள் குரலுக்காக அவளைத் தேன் என்பார்கள்.

"அந்த அழைப்பு நமக்கு வராது. அதுக்கு வேற நம்பர்."

அழைப்புகள் தொடங்கின. பறக்கும் சவப்பெட்டி என்றார்கள். கொலைகாரக் கூட்டம் என்றார்கள். ஒருத்தி ஒன்றுமே பேசாமல் காறித் துப்பிவிட்டு வைத்தாள். ஒருவன் மிக மரியாதையாக, "உங்க முதலாளி குடும்பம் எந்தக் கம்பெனி விமானத்துல போகுதுன்னு சொன்னா நாங்களும் அதுலயே போயிடுவோம்" என்றான்.

தாளில் இல்லாத மருந்து ஒன்று அந்தக் கூடத்தில் உண்டு. கடன் சொந்தம் என்று அதற்குப் பெயர். கேட்பவர் மசியாவிட்டால், "என் அம்மாவும் இன்னிக்கு அதுலதான் போறாங்க" என்று ஒரு சொந்தத்தை ஏற்றிவிடுவார்கள். தேனின் அம்மா கம்பெனி பறக்கிற எல்லா ஊருக்கும் போயிருக்கிறாள். நிஜத்தில் அந்த அம்மாவுக்கு லிஃப்ட்டில் ஏறவே நடுக்கம்.

மதியத்துக்குச் சற்று முன்பு ஒரு கனத்த குரல் வந்தது.

"நான் பஸ் டிரைவர்மா. ரிடையர் ஆயிட்டேன். என் பொண்ணு கைக்குழந்தையோட இன்னிக்கு சாயங்காலம் உங்க விமானத்துல போறா. எரிஞ்ச அதே மாடலாமே?"

"எங்கள் எல்லா விமானங்களும் முறையாகப் பரிசோதிக்கப்பட்டவை, சார்."

"அதைத்தான் டிவியில சொல்றானே. எரிஞ்சதையும் பரிசோதிச்சுத்தானே அனுப்பினீங்க? பிரேக் சரியில்லைன்னா நான் வண்டியை எடுக்கவே மாட்டேன். மேனேஜர் குதிப்பான். குதிடான்னு விட்டுடுவேன்."

"உங்கள் கவலை புரிகிறது, சார்."

"புரியுதுன்னா ஒண்ணு சொல்லு. நீ உன் வீட்டு ஆளை அதுல ஏத்துவியா?"

அவள் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

"என் தம்பியே இன்னிக்கு சாயங்காலம் அதுலதான் போறான், சார். அதே விமானம்."



"கூடப் பொறந்தவனா?"

"ஆமா, சார்."

"சரி. அப்ப ரத்து பண்ண வேணாம். பொண்ணுகிட்ட சொல்றேன், கம்பெனிப் பொண்ணோட தம்பியே கூட வர்றான், தைரியமாப் போன்னு."

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நன்றிம்மா என்றார். அன்று அவளுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள்.

தம்பிக்குச் சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் வேலை கிடைத்திருந்தது. வெகுநாள் அலைந்து கிடைத்த வேலை. மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தை விட்டுப் போய்விடும். அதற்குள் அவன் ஏறியாக வேண்டும். ஊழியர் குடும்பத்துக்கான சலுகைச் சீட்டில் அவள்தான் இடம் போட்டுக் கொடுத்திருந்தாள். காலி இடம் இருந்தால்தான் அந்தச் சீட்டில் ஏற்றுவார்கள். அன்று காலி இடத்துக்குப் பஞ்சமில்லை.

சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் விமானம் எரிந்துகொண்டிருந்தது. எரிந்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எரிந்தது. பக்கத்து மேசையில் விமானப் பராமரிப்பு ஆட்கள் மூன்று பேர், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, சாயங்கால விமானம் அதே மாடல்தானே? ஒண்ணும் இல்லையே?"

பேச்சு நின்றது. மூத்தவர் தட்டைப் பார்த்தார்.

"எங்ககிட்ட ஏம்மா கேக்கற? சாப்பிடு."

"என் தம்பி போறான், அதான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஏதாவது தெரியுமா, அல்லது அவர்களும் காலையிலிருந்து ஏச்சு வாங்கிச் சலித்தவர்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூத்தவர் எழுந்து கை கழுவப் போனார்.

அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மேலே போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள். தம்பியின் சீட்டைத் திரையில் எடுத்தாள். ரத்து என்பதை அழுத்தினாள். காரணம் என்ன என்று திரை கேட்டது. உடல்நலக் குறைவு, குடும்பத்தில் இறப்பு, அலுவல் மாற்றம், சொந்தக் காரணம். பயம் என்று ஒரு வரி இல்லை. அவள் சொந்தக் காரணத்தை அழுத்தினாள்.

அதே திரையில், முந்தைய அழைப்புகளின் வரிசையில், பஸ் டிரைவரின் எண் இருந்தது. கூடத்திலிருந்து யாரையும் கூப்பிடக்கூடாது என்பது விதி. அவள் கைப்பை மேசைக்கு அடியில் இருந்தது. கைப்பைக்குள் அவளுடைய சொந்த போன் இருந்தது.

அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தாள்.

தம்பிக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருக்க மாட்டான். பெட்டியோடு விமான நிலையக் கவுண்டரில் போய் நின்றான். உங்கள் பெயர் இல்லை, சீட்டுப் போட்ட ஊழியரே ரத்து செய்திருக்கிறார் என்றார்கள். வேறு டிக்கெட் வாங்க அவனிடம் வழியில்லை.

அவள் வீட்டுக்குப் போனபோது பெட்டி வாசலிலேயே கிடந்தது. தம்பி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரைபடத்தில் சின்ன மஞ்சள் புள்ளி.

"கடலைத் தாண்டிடுச்சு" என்றான். "உன் கணக்குப்படி எப்ப எரியும்?"

"வாயைக் கழுவுடா" என்றாள் அம்மா. "உசிரு முக்கியமா, கப்பல் முக்கியமா? பெத்தவளுக்குத் தோணாதது அவளுக்குத் தோணிச்சு. அக்கான்னா அக்காதான்."

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தான். அவளும் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். ஏதாவது ஆகட்டும் என்று அவளுக்குள் ஒன்று நினைத்தது. முழுக்க எரிய வேண்டாம். ஒரு புகை, ஒரு டயர், ஏதோ ஒன்று. அவள் செய்தது சரி என்று சொல்ல ஏதோ ஒன்று. கைக்குழந்தை நினைவுக்கு வந்தது. கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

புள்ளி நின்றது. தரையிறங்கியது என்று எழுத்து வந்தது.

தம்பி கைதட்டினான்.

"பத்திரமா இறங்கிட்டாங்க. எல்லாரும். என் பொழப்பு மட்டும்தான் எரிஞ்சுபோச்சு."

அம்மா அவள் தட்டைப் பார்த்தாள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் செய்யறதுக்கு என்ன கேடு உனக்கு? எல்லாம் தெரிஞ்ச மேதாவி."

புள்ளி நிற்கும்வரை அவள் நல்ல அக்காவாக இருந்தாள்.

விமான நிலையத்தில் நின்றபோதே தம்பி போனில் இரண்டு வரி போட்டிருந்தான். என் அக்கா இந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள், அவளே என்னை ஏறவிடாமல் இறக்கிவிட்டாள், புரிந்தவர்கள் புரிந்துகொள்ளுங்கள். கோபத்தில் போட்டது. விடிவதற்குள் அது ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டது.

காலையில் கடைக்காரன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாலைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தான்.

கூடத்தில் புதிய தாள் ஒட்டியிருந்தது. ஊழியர் ஒருவர் தம் உறவினரைப் பயணத்திலிருந்து விலக்கியதாகப் பரவும் செய்தி வதந்தி.

காது அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். உட்காரச் சொல்லவில்லை.

"நீதான்னு எனக்குத் தெரியும். மேல இருக்கறவங்களுக்கும் தெரியும். வெளியில தெரியாது. தெரியாத வரைக்கும் நீ இங்க இருக்கலாம். வதந்தின்னு நீ ஒழுங்கா சொல்ற வரைக்கும்."

"சரி, சார்."

"உன் தம்பிக்கு இப்ப வேலை இருக்கா?"

"இல்ல."

"அப்ப உன்னுது இருக்கணும். போ."

தேன் அவளைப் பார்த்ததும் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். "என் அம்மா பொய்யா ஏறினா. உன் தம்பி நெசமா இறங்கினான். ஏச்சு வாங்கறது யாரு? நான். விடிஞ்சதுலேருந்து ஒரே கேள்விதான்டி. அந்தக் கழுதை யாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"வதந்தின்னேன். வேற என்ன சொல்ல, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா, லைனை அவகிட்ட கொடுக்கட்டுமான்னா?"

அவளும் சொன்னாள். வதந்தி, சார். வதந்தி, மேடம். அந்தச் செய்தியை நம்ப வேண்டாம். "அவ கையில கெடைச்சா செருப்பாலயே அடிப்பேன்" என்றாள் ஒருத்தி. "உங்கள் கவலை புரிகிறது, மேடம்" என்றாள். நாலைந்து அழைப்புக்குள் நாக்கு பழகிவிட்டது.

பிறகு தேன் தன் மேசையிலிருந்து கையை ஆட்டினாள். "ஒரு பெரியவர். முந்தாநாள் பேசின பொண்ணுதான் வேணுமாம். இல்ல, நேத்து. தம்பியும் அதே விமானத்துல போறான்னு சொன்ன பொண்ணாம். நான் உனக்குத் தள்ளறேன்."

கனத்த குரல். அவளுக்கு உடனே தெரிந்தது.

"என் பொண்ணும் பேரனும் நல்லபடியா எறங்கிட்டாங்க" என்றார் டிரைவர்.

"சந்தோஷம், சார்."

"விமானம் ஒரு இடத்துல கொஞ்சம் குலுங்கிச்சாம். எல்லாரும் கத்தியிருக்காங்க. இவ கத்தலையாம். உன் தம்பியைத் தேடியிருக்கா."

அவள் நாற்காலியை மேசையோடு இழுத்துக்கொண்டாள்.

"குலுக்கல் நின்னதும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வரிசையா போயிருக்கா. சின்னப் பசங்க எல்லார்கிட்டயும் கேட்டிருக்கா. தம்பி, உங்க அக்கா இந்தக் கம்பெனியில வேலை பாக்கறாங்களான்னு. ஒருத்தனும் ஆமான்னு சொல்லலை. அப்பறம் போன்ல ஒரு சேதி வந்துச்சு, பாத்திருப்பே. உன் தம்பி எந்த சீட்டுல உட்கார்ந்திருந்தான்?"

குரல் மெலிந்தது. அவள் தலையைத் திருப்பினாள். கண்ணாடி அறைக்குள் காது நின்றுகொண்டு அவளையே பார்த்தான். ஒரு விரலால் தன் மேசைமேல் இருந்த தாளைத் தட்டிக் காட்டினான்.

எந்த இருக்கை எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் போய்ப் பார்க்கப்போவதில்லை. தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம்.

"அவன் ஏறலை, சார்."

"யாரு இறக்கினா?"

"நான்தான்."

காது கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"எப்ப?"

"உங்ககிட்ட பேசினப்பறம். சாப்பிட்டு வந்து."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என் நம்பர் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

டிரைவர் மூச்சு விடுவது கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தாள். இரண்டு நாளாக எல்லாரும் திட்டினார்கள். அவர் திட்டினால் அதையும் வாங்கிக்கொள்ளலாம்.

"பொண்ணுக்கு அடுத்த வாரம் திரும்பி வர்றதுக்கு டிக்கெட் இருக்கு" என்றார். "அதை ரத்து பண்ணு."

காது மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். ஓடவில்லை. கூடத்தில் ஓடக்கூடாது என்பதும் விதி. தேன் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அவள் டிக்கெட்டை எடுத்தாள். ரத்து என்பதை அழுத்தினாள். திரை கேட்டது.

"காரணம் கேக்குது, சார். என்ன போடட்டும்?"

"உன் தம்பிக்கு என்ன போட்டியோ அதையே போடு."

போட்டாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று வாய் தானாகத் திறந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

காது பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினான். ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்தாள்.