இரண்டு பக்கம் திறந்த அலமாரி

தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம். பட்டறையில் ஒரு கதவு கோணலாகிப்போனது யாரால் என்று அண்ணனோடு ஆரம்பித்த சண்டை, வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிறவரைக்கும் போனது. "இனி உன் வாசப்படி மிதிச்சா நான் மனுஷனே இல்ல!" என்று கத்திவிட்டு வந்தவர், மூன்று வருஷமாக மிதிக்கவில்லை. அண்ணன் மட்டும் என்ன இளைத்தவரா? அந்தச் சுவரில் அப்படியே விட்டுவைத்திருந்த, இரண்டு பக்கமும் திறக்கிற பழைய அலமாரியைத் தன் பக்கம் பலகை அடித்து மூடிவிட்டார்.

"பெரியப்பா ஏம்ப்பா பேசறதில்ல?" என்று தச்சரின் ஒன்பது வயது மகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். பிறகு நூலகத்திலிருந்து ஒரு கதைப்புத்தகம் கொண்டுவந்தாள். அதில் சுவருக்குப் பின்னால் இன்னொரு உலகம். அங்கேயும் இதே ஆட்கள்தான், ஆனால் சண்டை போடாதவர்கள். அன்றிலிருந்து அலமாரிக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள்.

அலமாரிக் கதவு சும்மா சும்மா திறந்துகிடக்கிறதே என்று தச்சர் புதுத் தாழ்ப்பாள் வைத்தார். சாத்தினால் தானே விழுந்துகொள்ளும் வகை. வேலை கச்சிதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார், பாவி மனுஷர். உள்ளேயிருந்து அதைத் திறக்க முடியாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது மகளைக் காணோம். வீடு முழுக்கக் கூப்பிட்டுத் தேடினார். புதுத் தாழ்ப்பாள் ஞாபகம் வர, ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே அந்தப் புத்தகமும் ஒற்றைச் செருப்பும். அண்ணன் அடித்து மூடியிருந்த பின்பலகை உடைக்கப்பட்டுப் பிளந்து கிடந்தது. அந்தப் பக்கம் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் மகள். தலை துவண்டிருந்தது.

"மூச்சு இருக்கு," என்றார் அண்ணன். மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. "எவ்வளவு நேரம் தட்டினாளோ! உள்ள இருந்து திறக்காத தாழ்ப்பாளா வைப்பே? நீயெல்லாம் ஒரு தச்சன்!"

தச்சரின் உடம்பு அந்த ஓட்டைக்குள் நுழையாது. தெரு வழியாக ஓடினார். மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியை எப்போது தாண்டினார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்ணே!" என்று மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அழாதடா. விசிறு," என்று அண்ணன் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

அவள் கண் திறந்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வெளுத்த உதட்டில் சிரிப்பு வந்தது.

"வந்துட்டேன்," என்றாள். "இங்க நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. என்னைத் திரும்ப அங்க அனுப்பிடாதீங்க."