நாலு விரற்கடை

கண் போனது என் வீட்டுக்காரருக்கு; கத்திக் கத்தித் தொண்டை போனது எனக்கு.

நான்கு மாதத்துக்கு முன்னால், பைக்கில் மூட்டை கட்டும்போது ரப்பர் கயிற்றின் கொக்கி தெறித்து இடது கண்ணில் அடித்தது. வெளியே பார்த்தால் கண் கண்ணாகத்தான் இருக்கும், உள்ளே இருட்டு. ஒரு கண்ணில் எல்லாம் தெரியும், எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பிடிபடாது, பழக நாளாகும் என்றார் டாக்டர். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு வந்த வியாதியைப் பாருங்கள்! சரக்கு அடுக்கிய பலகைக்கு அடியில் இரண்டு இரும்புக் கரங்களை அளந்தது போல நுழைப்பதுதான் அந்த வேலையே.

அதே குடோனில் நான் பேக்கிங். என் ஒருத்தி சம்பளத்தில் வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் ஓடாது. அதனால் கண் போனதை வெளியே சொல்லாமல் ஊமைபோல் இருந்தோம். தரையில் விழும் நிழலைப் பார்த்துப் பார்த்து அவர் வண்டியை நகர்த்தினார். இரண்டு முறை பெட்டி கிழிந்தது, பழி எலிமேல் போனது.

ஆனால் வருடாந்திரக் கண் பரிசோதனை வந்துகொண்டிருந்தது. முதலுதவி அறைச் சுவரில் இருந்த எழுத்து அட்டையை நான் போனில் படம் எடுத்துவந்து அவரை மனப்பாடம் செய்ய வைத்தேன். பிறகு டம்ளர் பயிற்சி. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றச் சொல்வேன். மேசையில் ஊற்றினால் ஈரத்துணி அவர் முகத்துக்குப் பறக்கும்.

"எருமை மாடுகூட தொட்டியில சரியா வாய வைக்குது. உங்களுக்கு ஒரு டம்ளர் தெரியலையா?"

"தெரியுதுடி. எங்க இருக்குன்னுதான் தெரியல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதட்டவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சல்தான்.

பரிசோதனை அன்று, என் பேக்கிங் மேசைக்கு எதிரே கதவு திறந்திருந்த முதலுதவி அறையில், அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு அட்டையைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் சேஃப்டி ஆபீசர் நின்றிருந்தார். எப்போதும் டேப்பும் கையுமாக அலைவதால் நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். அவர் சிரித்தபடி வலது கையை நீட்டினார். "பாஸ் ஆயிட்டீங்க! வாழ்த்துகள்."

இவரும் சிரித்துக்கொண்டே நீட்டினார். இவர் கை நாலு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொண்டது. பிடித்தது காற்றை.

அளவுகோல் கையை இறக்கவில்லை, கொஞ்சம் பின்னால் இழுத்தார். "இன்னொரு தடவை குடுங்க." மறுபடியும் காற்று. "இப்போ?" என்று பக்கவாட்டில் நீட்டினார். பேக்கிங் ஆட்கள் எல்லாம் வேலையை விட்டு எழுந்து பார்த்தார்கள், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் துழாவித் துழாவிக் கடைசியில் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதே அளவு வண்டி தள்ளிப் போனா, பேக்கிங் மேசையில இருக்கறவங்க இடுப்பு என்ன ஆகும்?" என்றார் அளவுகோல்.

நியாயமான கேள்வி. அந்த மேசையில் உட்காருகிறவள் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமாம்மா? தெரிஞ்சே மறைச்சிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது."

"ஐயையோ, சத்தியமா தெரியாது சார்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழும் வாய் நிற்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டேன். "கூடவே இருந்து கழுத்தறுத்துட்டாரு சார்! பெத்த பிள்ளைங்களுக்குத் தாய் இல்லாம பண்ணப் பாத்திருக்காரு!"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அவளுக்குத் தெரியாதுங்க," என்றார். "நான்தான் சொல்லல."

அவருக்கு வேலை போனது, எனக்குத் தங்கியது. சாயங்காலம் நான் வெளியே வந்தபோது கேட் ஓரம் எனக்காகவே நின்றிருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஆனால் என்னோடு சாலை ஓரம் வரை நடந்து வந்தார். பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, வெகு தூரத்தில்.

"லாரி தூரத்துலதாங்க வருது. வாங்க."

அவர் அசையவில்லை.

"வாங்கன்னு சொல்றேன்ல!"

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் கைப்பையோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, அந்த லாரி கிட்ட வந்துடுச்சா?"

அந்த ஆள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லண்ணே, தூரத்துலதான் இருக்கு. போலாம்."

அதற்குப் பிறகுதான் அவர் காலை எடுத்து வைத்தார்.