நான் கேட்டது

சனிக்கிழமை அரை நாளைப் பிடுங்கிக்கொண்டு எங்களுக்கு மன அமைதி தருவது என்று மருத்துவமனை நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று பார்த்தால், கையெழுத்து நோட்டு கடைசியில்தான் வருமாம். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

நான் செவித்திறன் சோதிப்பவள். சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்வதுதான் பிழைப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது "கேக்குதா?" என்கிறேன். அதையே வீட்டில் சொன்னால் சண்டை வருகிறது.

அன்றைக்கு இன்னொரு எரிச்சலும் சேர்ந்திருந்தது. காலையில் அம்மா போன் செய்தாள். "மாமாவுக்கு மாற்றல் வந்துடுச்சு. அக்கா நாளைக்குக் காலைல கிளம்புறா. அவ்வளவு தூரம் போறா, ஒரு வார்த்தை பேசிடேன்டி."

"அவ பேசட்டும்" என்று வைத்துவிட்டேன்.

அக்காவும் நானும் பேசி இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது. நாளையிலிருந்து அவளைப் பார்க்க ஒரு பகலும் ஒரு இரவும் பயணம் செய்ய வேண்டும். ஒரே ஊரில் இருந்தபோதே பேசாதவர்கள், அதற்குப் பிறகா பேசப்போகிறோம்? இன்றைக்கு இல்லையென்றால் இனி இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் யாரைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றியது.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "உடம்புல எங்க இறுக்கமா இருக்குன்னு உங்களையே கேட்டுப் பாருங்க."

தாடை. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப யார் முகம் வருது?"

வேறு யார்? என் மூக்கையே தன் முகத்திலும் வைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

பிறகு ஆளுக்கொரு தாள் வந்தது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'அவர் சொன்னது', வலப்பக்கம் 'நான் கேட்டது' என்று அச்சடித்திருந்தது. எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் படிக்க வேண்டுமாம்.

இடப்பக்கத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடப்பதற்கு முதல் நாள் போனில் அவள் சொன்னது எனக்கு மனப்பாடம். 'நீ வர வேண்டாம். இங்க பாத்துக்க ஆள் இருக்கு.'

வலப்பக்கம் ஆரம்பித்தேன், பேனா நிற்கவில்லை. நீ எனக்கு வேண்டாம். என் நாத்தனார்கள் போதும். நீ வந்து என்ன கிழிக்கப்போகிறாய்? சின்ன வயதிலிருந்தே நீ எதற்கு உபயோகப்பட்டாய்? கோட்டைத் தாண்டி, ஓரம் வரை போய், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன். முடித்தபோது மூச்சு வாங்கியது. நியாயம் முழுக்க என் பக்கம்தான் என்று ஒரு திருப்தி வேறு.

பக்கத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் குரலுக்கு மருத்துவமனை வைத்த பெயர் சைரன். தாளை மாற்றிக்கொண்டோம். அவருடையதில் இடப்பக்கம், 'தம்பி: பாத்துக்கலாம்.' வலப்பக்கம், 'எப்போ? எந்தத் தேதி? யார் பாத்துக்கறது, நீயா நானா?'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சைரன், தப்பா எழுதியிருக்கீங்க. கேட்டதுன்னா காதுல கேட்டது. அவர் சொன்னது உங்க மனசுல எப்படி விழுந்துச்சுன்னு எழுதணும்."

"அப்படியா? நான் வாயால கேட்டதுன்னுல்ல நெனச்சேன்." தலையைச் சொறிந்துகொண்டு என் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "அப்ப நீங்க ஒண்ணுமே கேக்கலியா மேடம்?"

"அதான் பக்கம் பக்கமா எழுதியிருக்கேனே!"

"அது இல்ல. அவங்கள. வர வேண்டாம்னாங்கல்ல, ஏன்னு கேக்கலியா? எனக்கு போன் வந்தா எந்தத் தெரு, எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பேன். கேக்காம எடுத்தா எங்க போய் நிக்கிறது?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அன்றைக்கு அக்கா சொல்லி முடித்ததும் "சரி" என்று போனை வைத்தது நான்தான்.

தாளை வாங்கி மறுபடி படித்தேன். ஒன்றரைப் பக்கம். அதில் அக்கா வாயிலிருந்து வந்தது ஒரு சொல்கூட இல்லை. என் சோதனை அறைக்குச் சிலர் வருவார்கள். நான் சத்தமே அனுப்பியிருக்க மாட்டேன், டப்பென்று பட்டனை அழுத்துவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை, பாவம். இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்து காத்திருந்து, வந்ததாகவே அவர்களுக்குக் கேட்டுவிடும். அவர்கள் சீட்டில் 'நம்ப முடியவில்லை, மறுபடி சோதிக்கவும்' என்று எழுதுவேன். எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

அதற்குள் சைரன் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், இது காதால கேட்டதா, வாயால கேட்டதா?"

அறையே சிரித்தது. அந்த அம்மாள் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "காதாலன்னுதான் அடிச்சேன். இத்தனை இடத்துல கொடுத்திருக்கேன், யாருமே கேக்கலியே" என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். அவள் எடுக்காவிட்டால்? எடுத்து, "இப்ப என்ன?" என்றால்? நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு."

சுற்றி வளைத்தால் அழுதுவிடுவேன் என்று பயம். நேராகவே கேட்டேன். "அக்கா, உன் ஆபரேஷனப்போ ஏன் என்னை வர வேண்டாம்னு சொன்னே?"

அங்கே பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் நின்றது.

"நீதானேடி அழுதே? வேலைல சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது, லீவு கேட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னு? அதான் வேண்டாம்னேன். பாத்துக்க ஆளாவது மண்ணாவது. உங்க மாமா ஒருத்தர்தான் இருந்தார். அவரும் ஊசியப் பாத்து மயங்கி விழுந்துட்டார், அவருக்கும் ஒரு கட்டில் போட்டாங்க."

அழுதேனா? ஆமாம், அழுதிருக்கிறேன். அவள் சொன்னதை இரண்டே முக்கால் வருஷம் ஞாபகம் வைத்திருந்த எனக்கு, நான் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "வேண்டாம்னு சொன்னா வராமலே இருந்துடுவியா? அப்புறம் பேசவும் இல்ல. நான் என்ன பண்ணேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நீ கேட்டிருக்கலாமே!"

"கேட்டா என்ன சொல்லிடுவியோன்னு பயம்."

"எனக்கும்தான்" என்றேன். அப்பாடா என்றிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன், அந்தப் பக்கமும் அதே மூக்கை உறிஞ்சும் சத்தம். தாடை வலித்தது. இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் விட்டது போலிருக்கிறது.

"சரி, எங்க இருக்கே?" என்றாள்.

"ஆஸ்பத்திரிலதான். பயிற்சின்னு உக்கார வெச்சிருக்காங்க."

"நான் இங்க முழி பிதுங்கிட்டு நிக்கறேன். அட்டைப்பெட்டி பத்தல. பாத்திரம் பூரா தரைல கிடக்கு."

காது மெஷின் வந்திறங்கிய காலி அட்டைப்பெட்டிகள் எங்கள் சாமான் அறையில் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. அதைச் சொன்னேன்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? உனக்கு வேலை இருக்கும். நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

வாய் வரை வந்த "சரி"யை விழுங்கினேன்.

"நெஜமாவே வேண்டாமாக்கா?" என்று கேட்டேன்.

"வாடி" என்றாள்.