கிடாவின் பெயருக்கு ஒரு கட்டம்

மழை ஓய்ந்த மறு திங்கட்கிழமை பிறந்த வெள்ளைக் குட்டியின் எடை, தூளித்துணியின் எடை போக, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது கிராம். அளவுக்காரி அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டு, ஈன்ற ஆட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது குட்டி தகரக் கூரையில் முதுகு உரச மிதந்துகொண்டு, கீழே நிற்கும் தாயை மிகப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அளவுக்காரி என்பது தெரு வைத்த பெயர். ஊர்க் கிணறுகள் வற்றி, மோட்டார் மெக்கானிக்கான கணவருக்கு வேலை இல்லாமல் போன வருடத்திலிருந்து, அந்த வீடு எட்டுப் பெட்டை ஆடுகளின் மேல்தான் நின்றது. கால் ஈரமானால் குட்டிக்குக் கழிச்சல் வருகிறது என்று கண்டு, நாலடி உயரத்தில் பலகைப் பரண் போட்டாள். புழுக்கைகள் இடுக்கு வழியே கீழே விழுந்தன. பிறந்த அரை மணிக்குள் சீம்பால், தேதி தவறாமல் குடற்புழு மருந்து, திங்கட்கிழமைதோறும் எடை. ஒரு மழைக்கு நாலு குட்டி சாகும் கொட்டிலில் மூன்று வருடம் ஒன்றுகூடச் சாகவில்லை. கனமான குட்டி போடும் ஆடு எது என்று நோட்டைப் பார்த்து, அதன் மகளையே அடுத்த தாயாக வைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் பிறப்பு எடை இரண்டு கிலோவிலிருந்து ஒன்றரையாகி, பிறகு எழுநூறு கிராமாகி, கடைசியில் பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போனது. அந்தப் பருவத்தில் ஏழு குட்டிகள் மிதந்தன. கட்டாமல் விட்ட இரண்டு, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு மேலாக, அவசரமே இல்லாமல், மேகத்துக்குள் போய்விட்டன. அடுத்த ஈற்றில் தரையில் நிற்க ஒரு குட்டியும் இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது.

கால்நடை டாக்டர் வந்து கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டார்.

"தாய் இருக்கு, தேதி இருக்கு, எடை இருக்கு. அப்பா எங்கம்மா?"

"இருக்கறது ஒரே கிடா. அதுக்கு எதுக்கு சார் தனிக் கட்டம்?"

"அதான் விஷயமே. மகளுக்கும் அவன்தான், பேத்திக்கும் அவன்தான். அப்புறம் குட்டிக்குக் கனம் எங்கேர்ந்து வரும்? கிடா மேல குத்தமில்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்திடணும்."

அந்தக் கிடாவின் பெயர் மேனேஜர். பிறந்த அன்றே தாயை இழந்த அதை மெக்கானிக் பாட்டில் பால் கொடுத்து, தன் கட்டிலுக்கு அடியிலேயே வளர்த்திருந்தார். வேலைக்குத் தாமதமாக வந்தவரைப் பார்ப்பதுபோல அது எல்லாரையும் பார்க்கும். ஆறு வருடமாக வேறு கிடா அந்த வாசலை மிதித்ததில்லை.

"அவனை அனுப்பினா நானும் கூடவே போயிடுவேன், பாத்துக்க," என்றார் மெக்கானிக்.

"தாராளமா போங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில் போதும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு, கூரையில் மிதந்த குட்டியைக் கயிறு பிடித்து இறக்கித் தாயிடம் பாலூட்டினாள். அவர் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேனேஜரின் கயிற்றைத் தேடி எடுத்துவைத்தார்.

வாய்க்காலுக்கு அப்பால் இருந்த செங்கல் சூளைக்காரரிடம் ஒரு கறுப்புக் கிடா இருந்தது. அவருடைய குட்டிகளும் முழங்கால் உயரத்தில் மிதக்கத் தொடங்கியிருந்ததால் கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொள்ளும் பேச்சு சீக்கிரம் முடிந்தது. மேனேஜரை மெக்கானிக்தான் நடத்திக் கூட்டிப்போனார். கறுப்பனைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது வாசலில் அவருடைய செருப்புகள் தரையிலேயே நின்றுவிட, கால்கள் மட்டும் ஒரு சாண் மேலே எழும்பின. அளவுக்காரி அவருடைய சட்டைப் பைகளில் பதினாலாம் நம்பர் ஸ்பானர்கள் இரண்டைப் போட்டாள். அது போதாமல் மூன்றாவதையும் போட்டாள். முடிவெட்டுபவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று அவருக்கு முடி வெட்டினார். ஐந்து மாதம் இப்படியே போனது. மிதக்கும் குட்டிகள் நீளக் கயிற்றில், எந்த ஆட்டுக்கும் எட்டாத உச்சிக் கொழுந்தைத் தின்று வளர்ந்தன. அவற்றின் புழுக்கை தீவனப்புல் மேல் மெல்லிய தூறலாக, பரவலாக விழுந்தது.

கறுப்பனின் முதல் குட்டி ஒரு முற்பகலில் பிறந்தது. தராசு முள் படக்கென்று இறங்கி இரண்டு கிலோ நானூறில் நின்றது. "பிடிங்க, கை வழுக்குது," என்று அவள் அந்த ஈரக் குட்டியை அப்படியே மெக்கானிக்கின் கைகளில் வைத்தாள். அவர் மெதுவாக இறங்கினார். குதிகால்கள் சிமெண்டுத் தரையைத் தொட்டபோது, "தரை ஜில்லுனு இருக்கு," என்றார். அவள் ஸ்கேலை எடுத்து நோட்டில் புதுக் கட்டம் ஒன்றை நேராகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, கறுப்பனை மாற்றும் தேதி நோட்டில் வந்தது. அன்று காலை மெக்கானிக் யாரும் சொல்லாமலே மூன்று ஸ்பானர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். அந்தச் சட்டைக்கு அவள் முதல் நாளே பெரிய பையாக வைத்துத் தைத்திருந்தாள்.